சும்மா இருக்கும் வால்வுகள்: எரிபொருள் சேமிப்பிலும் விநியோகத்திலும் பாதுகாப்புக் கருவிகள்

எரிபொருளைச் சேமித்து வைக்கும் தொட்டிகளிலும் அதை வாகனங்களுக்கு நிரப்பும் எந்திரங்களிலும் பொருத்தப்படும் பாதுகாப்புக் கருவிகள் அடிப்படையில் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. அழுத்தம் அளவுக்கு மீறும்போது தானே திறந்து கலத்தை வெடிக்காமல் காப்பது ஒரு வேலை. கசிவோ நிரம்பி வழிதலோ மோதலோ நேரும்போது தானே மூடி எரிபொருளை வெளியேறவிடாமல் தடுப்பது மற்றொன்று. முதல் வேலையைச் செய்வது பாதுகாப்பு வால்வு என்றும், இரண்டாவதைச் செய்வது அடைப்பு வால்வு என்றும் தொழிலில் வழங்கப்படுகின்றன. ஒன்று திறந்து காக்கிறது, மற்றது மூடிக் காக்கிறது என்பதால் இவை எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: தம் ஆயுளின் பெரும்பகுதியை இவை எந்த வேலையும் இல்லாமல் கழிக்கின்றன. ஒரு கருவி வேலை செய்கிறதா என்பது அது வேலை செய்யும்போதுதான் தெரியும் என்றால், வேலையே வராத கருவி பழுதடைந்திருப்பதை எப்படி அறிவது என்ற கேள்வி எழுகிறது. எரிபொருள் துறையின் பெரும் விபத்துகள் பலவற்றுக்குப் பின்னால் இருந்தது வால்வு இல்லாத குறையன்று. இருந்த வால்வு வேலை செய்யும் நிலையில் இல்லை என்பதை யாரும் அறியாமல் போனதே ஆகும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கடுமையானது என்பதற்கு அதன் இயல்பே காரணம். பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளங்களிலும் வடிகால்களிலும் தேங்குகிறது. காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே தீப்பற்றும் கலவை உருவாகிவிடுகிறது. தமிழ்நாட்டு வெயிலில் மட்டுமன்றி, பனி உறையும் நாடுகளிலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. எனவே, சிந்திய பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு. சிந்தாமல் தடுப்பதில்தான் பொறியியலின் கவனம் முழுவதும் குவிந்திருக்கிறது.

பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு எரிபொருள் நிரப்பும் நாசில், இத்தகைய தடுப்புக் கருவிகளிலேயே மிக அழகாக வடிவமைக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. நாசிலின் நுனிக்குச் சற்று உள்ளே, விரல்நகத்தைவிடச் சிறிய துளை ஒன்று இருப்பதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். அந்தத் துளையிலிருந்து ஒரு மெல்லிய குழல் நாசிலின் உடற்பகுதிக்குள் சென்று, எரிபொருள் பாயும் வழி குறுகும் இடத்தில் முடிகிறது. ஒடுங்கிய வழியில் நீர்மம் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வெஞ்சுரி விளைவு எனப்படும் இந்த இயல்பினால், துளையின் வழியே வெளிக்காற்று தொடர்ந்து உள்ளே உறிஞ்சப்படுகிறது. வண்டியின் தொட்டி நிறைந்து எரிபொருள் அந்தத் துளையை மூடிய மறுகணமே காற்று வரத்து நின்றுபோக, குழலுக்குள் வெற்றிடம் கூடுகிறது. அந்த வெற்றிடம் ஒரு ரப்பர் சவ்வை இழுக்க, சவ்வோடு இணைந்த கொக்கி விடுபட்டு, முதன்மை வால்வு தன் ஸ்பிரிங்கின் விசையால் ‘டக்’கென்று மூடிக்கொள்கிறது. மின்சாரம் இல்லை, உணர்கருவி இல்லை, கணினி இல்லை. எரிபொருளின் ஓட்டமே தன்னை நிறுத்தும் விசையையும் தருகிறது.

இந்த நாசிலின் நம்பகத்தன்மைக்கு அதன் வடிவமைப்பு பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அது அன்றாடம் பலமுறை செயல்படுவதில் இருக்கிறது. தொட்டியை நிரப்பச் சொல்லும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் அதை அறியாமலே சோதித்துப் பார்க்கிறார். துளையில் அழுக்கு அடைத்தால் நாசில் தேவையின்றி முன்னதாகவே நின்றுவிடும். சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வழிந்து ஊழியரின் கையையே நனைக்கும். இரண்டு பழுதுகளும் அன்றே தெரிந்துவிடுவதால், அன்றே சரிசெய்யவும் படுகின்றன.

நாசில் மாட்டப்பட்டிருக்கும் எந்திரமான டிஸ்பென்சரின் அடியில் இருக்கும் மற்றொரு வால்வுக்கு இந்த வாய்ப்பு இல்லை. நிலத்தடித் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்பு எரிபொருளை அழுத்தத்தோடு மேலே தள்ளும் பங்க்குகளில், குழாய் தரையிலிருந்து டிஸ்பென்சருக்குள் நுழையும் இடத்தில் மோதல் வால்வு ஒன்று பொருத்தப்படுகிறது. அதன் உடலில் வேண்டுமென்றே மெலிதாக்கப்பட்ட ஒரு பள்ளம் இருக்கிறது. பின்னோக்கி வரும் லாரி டிஸ்பென்சரை இடித்துச் சாய்த்தால், குழாய் வேறெங்கும் உடையாமல் அந்தப் பள்ளத்திலேயே முறியும். முறிந்ததும் கீழ்ப்பகுதியில் உள்ள ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். தீப்பற்றினாலும் மூடுவதற்காக, சுமார் 74 டிகிரி செல்சியஸில் உருகும் உலோக இணைப்பு ஒன்றும் அதில் உண்டு. ஆனால் இந்த வால்வு சரியாக வேலை செய்ய வேண்டுமானால், அந்தப் பள்ளம் தரைமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும், வால்வும் அடித்தளத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிணைப்பு தளர்ந்திருந்தால், மோதலின்போது வால்வு முறியாமல் குழாயோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடக்கூடும். லாரி மோதும் நாள்வரை இந்தக் குறை யார் கண்ணிலும் படாது. நாசிலை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓட்டுநர் கிளம்பிவிட்டால் ரப்பர்க் குழாய் பிய்ந்து எரிபொருள் கொட்டாமல், இரு பக்கமும் மூடிக்கொண்டு பிரியும் இணைப்பு ஒன்றும் உண்டு; அதன் நிலையும் இதுவே.

நிலத்தடித் தொட்டிக்கு டேங்கர் லாரியிலிருந்து எரிபொருள் இறக்கப்படும்போது நிரம்பி வழியாமல் தடுப்பதற்கு, இறக்கும் குழாய்க்குள்ளேயே மிதவையோடு கூடிய வால்வு ஒன்றைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. தொட்டி ஏறத்தாழ 95 விழுக்காடு நிறைந்ததும் மிதவை உயர்ந்து, குழாய்க்குள் மடங்கியிருந்த தட்டு ஓட்டத்தின் குறுக்கே விழுந்து வழியை அடைக்கிறது. அமெரிக்காவில், அளவுகோலை உள்ளே செருகியே அந்தத் தட்டு விழாதபடி முட்டுக்கொடுத்த இடங்கள் ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டிருக்கின்றன. இறக்கும் வேலை விரைவில் முடிய வேண்டும் என்ற அவசரம்தான் அதற்குக் காரணம். அந்த அவசரத்தின் விலையை மண்ணும் நிலத்தடி நீரும் செலுத்துகின்றன.

பெரிய கிடங்குகளில் நிரம்பி வழிதல் எத்தகைய விளைவைத் தரும் என்பதை இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று நடந்தது காட்டுகிறது. லண்டனுக்கு வடமேற்கே, ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரின் அருகே அமைந்த அந்தக் கிடங்கில், 912 என்ற எண் கொண்ட தொட்டிக்கு முந்தைய மாலையிலிருந்து நீள்குழாய் வழியாகப் பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. அதிகாலை 3 மணி அளவில் தொட்டியின் மட்டத்தைக் காட்டும் அளவி ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் திரையில் மட்டம் அசையாமல் இருக்க, தொட்டிக்குள்ளோ அது ஏறிக்கொண்டே இருந்தது. மட்டம் உயர்ந்துவிட்டது என்று எச்சரிக்க வேண்டிய மணிகளும் அதே அளவியை நம்பியே இயங்கியவை ஆதலால், அளவி சிக்கியபோது அவையும் ஊமையாகிவிட்டன. அந்த அளவி சிக்குவது அதுவே முதல் முறையன்று. பராமரிப்பு முடிந்து தொட்டி ஆகஸ்ட் இறுதியில் பயன்பாட்டுக்குத் திரும்பியதிலிருந்து 14 முறை அவ்வாறு சிக்கியிருந்தது என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

அளவி கைவிட்டாலும் காப்பதற்கு, அதனோடு தொடர்பற்ற தனிச் சுவிட்ச் ஒன்று தொட்டியின் கூரையில் இருந்தது. மட்டம் உச்சத்தை எட்டினால் வரத்து வால்வுகளைத் தானே மூடச் செய்வதும் மணி ஒலிக்கச் செய்வதுமே அதன் பணி. இந்தச் சுவிட்சைச் சோதிப்பதற்கு ஒரு சிறு நெம்புகோல் உண்டு. சோதனை முடிந்ததும் நெம்புகோலை வேலைநிலையில் நிறுத்தி, ஒரு பூட்டைப் போட்டு அசையாமல் வைக்க வேண்டும். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் தன் நிலையிலிருந்து விழுந்து சுவிட்சையே செயலிழக்கச் செய்துவிடும். பூட்டு எதற்காக என்பது அதைப் பொருத்தியவர்களுக்கும் பயன்படுத்தியவர்களுக்கும் சரியாகச் சொல்லப்படவில்லை. யாரும் கை வைக்காமல் இருப்பதற்கான பூட்டு என்றே அது கருதப்பட்டது. ஆகவே பூட்டு போடப்படாமலே விடப்பட்டது. கடைசிக் காப்பாக இருந்த சுவிட்ச், ஒரு பூட்டு இல்லாத காரணத்தால், கூரையின் மேல் பயனற்று நின்றது.

5.37 மணிக்குத் தொட்டி வழியத் தொடங்கியிருக்கும் என்று விசாரணையில் கணக்கிடப்பட்டது. வழிந்த பெட்ரோல், காற்றின் வேகத்தைத் தாங்குவதற்காகத் தொட்டியின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட இரும்பு வளையத்தில் மோதிச் சிதறித் துளித்துளியாகக் கொட்டியதால், வெறும் குட்டையாகத் தேங்கியிருந்தால் ஆவியாகியிருக்கும் அளவைவிடப் பன்மடங்கு ஆவியானது. இதற்கிடையே 5.50 மணி அளவில் குழாயின் ஓட்டம் மணிக்கு 550 கன மீட்டரிலிருந்து 890 கன மீட்டர் வரை கூடியது. காற்று அசையாத குளிர்காலை ஆதலால், ஆவி வெண்பனிபோல் தரையில் படர்ந்து கிடங்கின் எல்லையையும் தாண்டிச் சென்றது. 6.01 மணிக்கு அது வெடித்தது. அதற்குள் வெளியேறியிருந்த பெட்ரோலின் அளவு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல். இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் எரிந்தன. தீ பல நாள் நீடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலாக இருந்ததால் அருகிலிருந்த அலுவலகங்களில் ஆள் இல்லை. 43 பேர் காயமடைந்தனர், உயிரிழப்பு இல்லை. அதே வெடிப்பு ஒரு வேலைநாளின் முற்பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது.

நான்கு ஆண்டுகளுக்குள், 2009 அக்டோபர் 29 அன்று, இராஜஸ்தானில் ஜெய்ப்பூரின் சீதாபுரா தொழிற்பகுதியில் இருந்த எண்ணெய்க் கிடங்கில் இதனினும் கொடிய விபத்து நிகழ்ந்தது. அங்கே தொட்டி வழியவில்லை. தொட்டியின் பெட்ரோலைப் பக்கத்துக் கிடங்குக்கு அனுப்புவதற்காகக் குழாய்த் தொடரைத் திறந்துவிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. குழாயில் ‘ஹேமர் பிளைண்ட்’ எனப்படும் ஒரு கருவி இருந்தது. குழாயின் வழியை முழுத் தகட்டால் அடைக்கவோ வளையத் தகட்டால் திறக்கவோ உதவும் இதில், தகட்டை மாற்றும் சில நிமிடங்களுக்குக் கருவியின் மேற்பகுதி வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடக்கும். இருபுற வால்வுகளும் மூடியிருந்தால் மட்டுமே அந்த வேலை ஆபத்தற்றது. ஆனால் தகடு மாற்றப்பட்ட வேளையில் தொட்டியின் வாயிலில் இருந்த மின்மோட்டார் வால்வு திறந்திருந்தது. தொட்டியிலிருந்த பெட்ரோலின் முழு எடையும் தள்ள, திறந்த வாயிலிருந்து பெட்ரோல் ஊற்றாகப் பீறிட்டது. அங்கிருந்த ஊழியர் ஆவியில் மூச்சுத் திணறி வீழ்ந்தார். அவரைக் காக்கச் சென்றவராலும் வால்வை நெருங்க முடியவில்லை.

கைக்கு எட்டாத வால்வைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே மூடும் வசதி அந்த மின்மோட்டார் வால்வுக்கு இருந்திருக்க வேண்டும். அந்த வசதி பல ஆண்டுகளாகப் பழுதுபட்டுச் சரிசெய்யப்படாமலே கிடந்தது என்பது எம். பி. லால் தலைமையிலான விசாரணைக் குழுவின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. சிந்தும் எண்ணெயை வெளியே போகாமல் தேக்குவதற்காகத் தொட்டியைச் சுற்றிக் கட்டப்பட்ட தடுப்புச் சுவரின் வடிகால் வால்வும் திறந்தே இருந்ததால், பெட்ரோல் மழைநீர்க் கால்வாய் வழியாகக் கிடங்கெங்கும் பரவியது. மழைநீரை வெளியேற்றிய பின் அந்த வால்வை மூடுவது ஓர் ஆள் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை. அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. ஏறத்தாழ 75 நிமிடம் தொடர்ந்த கசிவில் சுமார் ஆயிரம் டன் பெட்ரோல் வெளியேறி, இரவு ஏழரை மணி அளவில் வெடித்தது. 11 பேர் மாண்டனர். தீ தானாக அணைய 11 நாள் ஆயிற்று.

பன்ஸ்ஃபீல்டில் சுவிட்ச் வேலை செய்யும் என்று நம்பப்பட்டது. ஜெய்ப்பூரில் வசதி வேலை செய்யவில்லை என்பது தெரிந்தே இருந்தது. இரண்டாவதே பொறுத்துக்கொள்ள முடியாதது. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அந்தக் கருவிகள் இல்லாமலே அன்றாட வேலை தடையின்றி நடந்துகொண்டிருந்தது. பம்பு நின்றால் வியாபாரம் நிற்கும், ஆகவே மாலைக்குள் அது சரிசெய்யப்படும். அவசரத்துக்கான வால்வு நின்றாலோ எதுவும் நிற்பதில்லை.

திறந்து காக்கும் வால்வுகளின் வரலாறு இன்னும் பழையது. பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பின் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எலும்பை வேகவைக்க உருவாக்கிய அழுத்தக் கலத்தில், நெம்புகோலில் எடை தொங்கவிடப்பட்ட பாதுகாப்பு வால்வைப் பொருத்தினார். இன்றைய சமையலறைக் குக்கர் அதன் நேர்வழித் தோன்றல். குக்கரின் மேல் ஆடும் வெயிட் அன்றாடம் விசிலடித்துத் தன் நலத்தைத் தானே அறிவிக்கிறது. மூடியில் பதிக்கப்பட்ட உருகும் பாதுகாப்பு வால்வோ ஆண்டுக்கணக்கில் யாரும் பாராமல் கிடக்கிறது. எரிவாயு சேமிக்கும் பெருங்கலங்களில் எடைக்குப் பதிலாக ஸ்பிரிங் அமர்ந்திருக்கிறது. கலத்தின் அழுத்தம் ஸ்பிரிங்கின் விசையை மிஞ்சும்போது வால்வு திறந்து, அழுத்தம் ஓரளவு தணிந்ததும் மீண்டும் அமர்கிறது.

இந்த வால்வின் எல்லை எது என்பதை 1966 ஜனவரி 4 அன்று பிரான்சில், லியோன் நகருக்குத் தெற்கே உள்ள ஃபேசின் சுத்திகரிப்பு ஆலை உலகுக்குக் காட்டியது. திரவப் புரொப்பேன் நிறைந்த உருண்டைக் கலத்தின் அடியில் தேங்கிய நீரை வெளியேற்ற, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வுகள் இருந்தன. மேல் வால்வை முதலில் முழுதும் திறந்து, கீழ் வால்வினால்தான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது விதி. ஓட்டம் நெருக்கப்படும் இடத்தில்தான் புரொப்பேன் குளிர்ந்து பனிக்கட்டி போன்ற அடைப்பு உருவாகும். அது கீழ் வால்வில் உருவானால் மேல் வால்வையாவது மூடலாம். அன்று அந்த வரிசை தலைகீழானது. மேல் வால்வில் உண்டான அடைப்பு திடீரென விலக, புரொப்பேன் சீறி வெளிவந்தது. வால்வின் கைப்பிடியும் கழன்றுவிட்டதால் மூட முடியவில்லை. வாயு மூட்டம் ஆலைக்கு வெளியே சாலைவரை ஊர்ந்து, அங்கே வந்த ஒரு காரினால் பற்றிக்கொண்டது.

தீயில் சிக்கிய கலத்தின் பாதுகாப்பு வால்வு, வடிவமைத்தபடியே திறந்தது. ஆயினும் தீப்பற்றி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கலம் வெடித்துச் சிதறி, தீயணைப்பு வீரர்கள் உட்பட 18 பேர் உயிரிழந்தனர். வால்வு பழுதாகவில்லை, அதனிடம் எதிர்பார்க்கப்பட்டதுதான் தவறு. திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் எஃகைத் தீ சுட்டாலும், திரவம் கொதித்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் எஃகு அதிகம் சூடேறுவதில்லை. திரவ மட்டத்துக்கு மேலே, வாயு மட்டும் உள்ள பகுதியிலோ எஃகு வேகமாகச் சூடேறித் தன் வலிமையை இழக்கிறது. அந்த நிலையில், பாதுகாப்பு வால்வு அனுமதிக்கும் இயல்பான அழுத்தமே கலத்தைக் கிழிக்கப் போதுமானது. தீயில் சிக்கிய கலத்தின் மேற்பரப்பைத் தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பதும், வெளியேறும் குழாயைத் தொலைவிலிருந்தே அடைப்பதும் வால்வுக்குத் துணையாக இருந்தே ஆக வேண்டும் என்ற நியதி இதனால் வலுப்பெற்றது.

பெட்ரோல் கிடங்குகளின் மெல்லிய சுவர்த் தொட்டிகளுக்கு இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. எண்ணெயை வெளியே இறைக்கும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வராவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே தொட்டியை நசுக்கிவிடும். ஆகவே இருபுறமும் சுவாசிக்கும் வால்வு ஒன்று கூரையில் இருக்கிறது. வண்ணம் பூசும்போது தூசு புகாமலிருக்க அதன் வாயைப் பாலித்தீன் தாளால் கட்டிவிட்டு, பூச்சு முடிந்தபின் அவிழ்க்க மறந்து இறைக்கத் தொடங்கினால், பத்தாயிரம் லிட்டர் தொட்டியும் கண்ணெதிரே உட்குழிந்துபோகும். பாலித்தீன் தாளால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க முடியுமா என்ற ஐயம் இயல்பானது. தாளைவிடத் தொட்டிதான் முதலில் தோற்கிறது என்பதே உண்மை.

அடைப்பு வால்வை வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, மின்சாரமோ காற்றழுத்தமோ அற்றுப்போனால் அது எந்த நிலைக்குச் செல்லும் என்பதே. மின்மோட்டார் வால்வு, மின்சாரம் போனால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். திறந்திருந்தால் திறந்தபடியே நிற்கும். காற்றழுத்தத்தால் திறந்து வைக்கப்பட்டு ஸ்பிரிங்கால் மூடப்படும் வால்வோ, காற்று அற்றதும் தானே மூடும். காற்றைக் கொண்டுவரும் குழலைத் தீயில் உருகும் பிளாஸ்டிக்கால் அமைத்தால், யாரும் பொத்தானை அழுத்தாவிட்டாலும் தீயே வால்வை மூடிவிடுகிறது. ஜெய்ப்பூர் விபத்துக்குப் பின், தொட்டியின் வாயிலில் உள்ள முதல் வால்வே தொலைவிலிருந்து இயங்கும் அடைப்பு வால்வாக இருக்க வேண்டும், அதன் பொத்தான் தடுப்புச் சுவருக்கு வெளியேயும் இருக்க வேண்டும், ஹேமர் பிளைண்டுகள் அகற்றப்பட வேண்டும் என்பவை இந்தியக் கிடங்குகளுக்கு வலியுறுத்தப்பட்டன.

ஆனால் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. அமெரிக்காவில் 2015-இல் திருத்தப்பட்ட நிலத்தடித் தொட்டி விதிகள், நிரம்பி வழிவதைத் தடுக்கும் கருவிகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்கின்றன. மிதவை வால்வைக் குழாயோடு வெளியே எடுத்து, மிதவையைக் கையால் உயர்த்தித் தட்டு விழுகிறதா என்று பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது மின்கம்பியைச் சோதிப்பதாகுமே தவிர வால்வைச் சோதிப்பதாகாது. சோதித்தவரே கருவியைப் பழைய நிலைக்குத் திருப்பியதாகக் கையெழுத்திடுவதும் போதாது. மற்றொருவர் கூரையேறி நெம்புகோலையும் பூட்டையும் நேரில் பார்க்க வேண்டும்.

பெரிய அடைப்பு வால்வுகளைச் சோதிக்க மேலாளர்கள் தயங்குவதற்குக் காரணம் எளிது: மூடினால் வரத்து நின்றுவிடும். ஓட்டத்தை நிறுத்தாமல் வால்வைப் பத்து அல்லது இருபது விழுக்காடு மட்டும் அசைத்துப் பார்க்கும் பகுதிச் சோதனை இதற்கு ஓரளவு உதவுகிறது. வால்வு துருவேறிச் சிக்கவில்லை என்பது தெரியும், முழுதும் மூடி அடைக்குமா என்பது தெரியாது. இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. ஒரு தொட்டிக்கான வரத்து முடியும்போது எப்படியும் வால்வை மூடத்தான் போகிறார்கள். ஓட்டம் தணிந்த அந்த வேளையில், அன்றாடப் பொத்தானுக்குப் பதிலாக அவசரப் பொத்தானை அழுத்தி மூட வேண்டும் என்று வேலைமுறையிலேயே எழுதிவிட்டால், தனிச் சோதனை நாளும் வரத்து இழப்பும் இல்லாமல், மாதத்தில் பலமுறை அந்த வால்வு முழுதும் மூடித் திறக்கும். மூடுவதற்கு எத்தனை விநாடி பிடித்தது என்பதை ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதி வந்தால், வால்வு இறுகத் தொடங்குவது அது முற்றாக நின்றுபோவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அந்த எண்களில் தெரிந்துவிடும்.